இடப்பக்கம் திரும்பாத வண்டி

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அப்பாவையும் பெரியப்பாவையும் மறுபடி பேச வைக்க என்ன வழி என்று போனில் கேட்டாய். எனக்குப் பதில் தெரியவில்லை, தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, உன் அப்பாவின் வீங்கிய கன்னத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அது ஏறக்குறைய உண்மையும்கூட. கடைவாய்ப் பல். டாக்டரிடம் போகவில்லை. பயத்தால் இல்லை, பல் டாக்டர் இடப்பக்கம் இருக்கிறார்.

உன் தாத்தா விட்டுப்போன மோட்டார் சைக்கிளை அண்ணனும் தம்பியும் பங்கு பிரிக்காமல் மாற்றி மாற்றி ஓட்டி வந்தது உனக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன்பு அதன் ஆக்ஸிலரேட்டர் மக்கர் செய்ய ஆரம்பித்தது, முறுக்கினால் முறுக்கினபடியே நிற்கும், கையை எடுத்தாலும் வேகம் குறையாது. இருவருமாகக் கடைக்குப் போய்ப் புதுக் கேபிள் வாங்கி வந்தார்கள். இந்த மாடலுக்கு இப்போது கேபிள் வருவதில்லை, இதைப் போட்டுப் பாருங்கள் என்று கடைக்காரர் எதையோ கொடுத்தாராம். வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து பெட்ரோல் டேங்கைக் கழற்றும்வரை ராமலட்சுமணர்கள் மாதிரிதான் இருந்தார்கள். கேபிளை டேங்குக்கு அடியில் எந்தப் பக்கமாகக் கொண்டுபோவது என்பதில் வந்தது வினை. பெரியப்பா வலப்பக்கம் என்றார், அப்பா இடப்பக்கம் என்றார். ஸ்பேனர் அப்பாவின் கையில் இருந்ததால் அப்பா ஜெயித்தார். பெரியப்பா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஓட்டிப் பாரு, ஓட்டிப் பாத்துட்டு அப்புறமா வந்து எங்கிட்ட பேசு என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றோடு பேச்சு நின்றது.

ஆக்ஸிலரேட்டர் இப்போது ஒட்டுவதில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பினால் யாரும் முறுக்காமலே இன்ஜின் அலறுகிறது. நானே சோதித்துப் பார்த்தேன். ஸ்டாண்டில் நிறுத்தி, கைப்பிடியைத் தொடாமல், ஹேண்டிலை மட்டும் இடப்பக்கம் தள்ளினேன், பக்கத்து வீட்டு நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியது. திரும்பும்போது கேபிள் இழுபடுகிறது, இதற்குப் பட்டம் தேவையில்லை. டேங்கைத் தூக்கிக் கேபிளை வலப்பக்கம் மாற்றிவிடுங்கள், அரை மணி நேர வேலை என்றேன். மாத்தினா அண்ணன் சொன்னது சரின்னு ஆயிடும் என்றார் அப்பா. யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். டேங்கைக் கழட்டுற சத்தம் அண்ணனுக்குக் கேக்கும் என்றார். பெரியப்பா வீடு நம் வாசலிலிருந்து இடப்பக்கம் ஏழாவது வீடு, கேட்கத்தான் கேட்கும்.

ஆகவே உன் அப்பா இடப்பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டார். மூன்று வலம் சேர்ந்தால் ஓர் இடம் என்று உப்பு டப்பாவைச் சாப்பாட்டு மேசையில் நகர்த்திக் காட்டினார். புள்ளியியல் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள் நான், என்னால் மறுக்க முடியவில்லை. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதை இப்போது பெட்ரோல் போட்டுச் செய்கிறார். மருந்துக்கடைக்குப் போக ஊரில் பாதியைச் சுற்றுகிறார், ஒவ்வொரு திருப்பத்திலும் எதிரே வரும் லாரிகளின் குறுக்கே நுழைகிறார். தையல்காரர் என்னை நிறுத்தி, சார் எலெக்‌ஷன்ல நிக்கிறாரா மேடம், தெருத் தெருவா வர்றாரே என்று கேட்டார். பல் டாக்டர் இருப்பது ஒருவழித் தெருவில், அங்கே உப்பு டப்பா கணக்கு செல்லாது. நடந்தாவது போகலாமே என்றால், நடந்து போனா வண்டி ரிப்பேர்னு அண்ணனுக்குத் தெரிஞ்சுடும் என்கிறார்.

சிரிப்பாய். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் நாளைக் காலை ரயிலில் பெரியப்பாவும் பெரியம்மாவும் வெளியூரில் இருக்கும் தங்கள் மகனிடமே போய்விடுகிறார்கள், இனி அங்கேதான். பெரியப்பாவின் முழங்கால் இருக்கும் நிலைக்கு அடிக்கடி வந்து போகிற பேச்சே இல்லை. இந்தப் பிணக்கோடு போனால் அது அப்படியே கெட்டிப்பட்டுவிடும். அப்பா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, பல் வலி என்கிறார். இன்று மாலை பெரியம்மா வந்து, ஏம்மா, உன் வீட்டுக்காரர் வண்டி பிரமாதமா ஓடுதாமே, நாளைக்கு அவரையே ஸ்டேஷன்ல கொண்டுவந்து விடச் சொன்னாரு எங்க வீட்டுக்காரரு, நாம பெட்டியெல்லாம் எடுத்துக்கிட்டு டாக்ஸில வரலாம் என்றார். உள்ளே இருந்து அப்பா, வரேன்னு சொல்லு என்றார். நல்ல விடாக்கண்டன், நல்ல கொடாக்கண்டன். ஸ்டேஷனுக்கு ரவுண்டானா வழியாகத்தான் போயாக வேண்டும். அதில் நுழைந்து வலமாகச் சுற்றிக்கொண்டே இருக்கலாம், வெளியே வர இடப்பக்கம்தான் திருப்ப வேண்டும். இதைச் சொன்னேன். பாத்துக்கலாம் என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். நாளை நடப்பதைப் பார்த்துவிட்டு இதை முடிக்கிறேன்.

மறுநாள் மாலை.

நடந்தது இது. காலையில் பெரியப்பா தொப்பியும் குடையுமாக வந்து பின்னால் ஏறிக்கொண்டார். நானும் பெரியம்மாவும் டாக்ஸியில் பின்னால் போனோம். ஊரைச் சுற்றி ரவுண்டானாவுக்குள் நுழைந்தார்கள். ஒரு சுற்று வந்தார்கள். ஸ்டேஷன் சாலை வந்தபோது வண்டி லேசாக இடப்பக்கம் சாய்ந்து, அலறி, பயந்து மறுபடி வட்டத்துக்கே போனது. டாக்ஸிக்காரர் ஓரமாக நிறுத்திவிட்டார். பெரியம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஏம்மா, இவங்க ஸ்டேஷனுக்குப் போறாங்களா, செக்கு இழுக்குறாங்களா என்றார். நான்காவது சுற்றிலோ ஐந்தாவது சுற்றிலோ பெரியப்பா குடையால் அப்பாவின் முதுகில் தட்டுவது தெரிந்தது. நடுவில் இருக்கும் புல்தரையில் ஏற்றி நிறுத்தினார்கள். நாங்கள் சாலையைக் கடந்து போய்ச் சேர்வதற்குள் பெரியப்பா கால்சட்டைப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்திருந்தார். ரயிலுக்குப் புறப்பட்ட மனுஷன், ஸ்பேனரோடு. டேங்கைக் கழற்றிக் கேபிளை வலப்பக்கம் மாற்றினார்கள், போலீஸ்காரர் வந்து நின்று பார்த்தார், ரயில் போய்விட்டது.

மாற்றி முடித்துப் பெரியப்பா வெற்றியோடு ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பினார். சத்தமே இல்லை. நேரே கொண்டுவந்து வலப்பக்கம் திருப்பினார். அலறியது.

இருவரும் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது நான் சொன்னேன், ரெண்டு பேர் சொன்னதும் தப்பு, கேபிளே நீளம் பத்தலை, எந்தப் பக்கம் போட்டாலும் இழுக்கத்தான் செய்யும். அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பி, உனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும் என்றார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நீ சொல்லுண்ணா என்றார் அப்பா. இல்ல, நீயே சொல்லு என்றார் பெரியப்பா. வண்டியை டாக்ஸியின் ஜன்னலை ஒட்டியே ஓட்டிக்கொண்டு, வீடு வரும்வரை எனக்கு மோட்டார் சைக்கிள் பாடம் நடத்தினார்கள்.

பயணம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. இப்போது இருவரும் பல் டாக்டரிடம் போயிருக்கிறார்கள், இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி. நீளமான கேபிள் வாங்கும் யோசனையை நான் எடுக்கவில்லை, அடுத்த வாரம்வரை என் அறியாமை வீட்டுக்கு உபயோகமாக இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு, எல்லா நன்மையும் உனக்கு வாய்க்கட்டும். உன் அறையில் இருக்கும் பெண்ணோடு ஃபிரிட்ஜின் மேல்தட்டுக்காகப் பேசாமல் இருப்பதாகச் சொன்னாயே, மறந்துவிடாமல் அதை அளந்து பார், இரண்டு பேர் பாத்திரமும் அதில் கொள்ளாது என்றுதான் நினைக்கிறேன்.

வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாத
உன் அம்மா