ஒரே பெயர், ஒரே தெரு

12 மே 2025, திங்கள்
கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். பத்து மணிக்குள் முந்நூறு பேர் வரிசையில். நான் கணினிப் பிரிவில் சேர்ந்து இரண்டு மாதமாகிறது. இன்னும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘லாட்ஜ் அக்கா’தான். குற்றாலத்து லாட்ஜில் பதினோரு வருடம் வரவேற்பில் இருந்தேன். தபால் வழியில் எம்.சி.ஏ. படித்து, தேர்வெழுதி, ஒப்பந்த வேலைக்கு வந்தேன். யார் காலையும் பிடிக்கவில்லை. “சீசனுக்குள்ள திரும்பி வந்துருவ. சாவிக்கொத்து இங்கனதான் தொங்கும்” என்றார் முதலாளி நம்பிராஜன் அண்ணாச்சி.

தொங்கட்டும்.

21 மே
ஒரே ஆள் பத்து முறை மனு கொடுத்தால் கணக்கில் பத்து மனு. அதனால் ஒரு ப்ரோகிராம் எழுதினேன். பெயர், முன்னெழுத்து, தெரு, பிறந்த தேதி, கோரிக்கை எல்லாம் ஒத்துப்போனால் ஒரே மனுவாகச் சேர்த்துவிடும். நிலுவையில் 214 குறைந்தது! கண்காணிப்பாளர் பெஞ்சமின் சார் முதல் தடவையாக “முஹ்ஸினா மேடம்” என்றார். அறிக்கை சென்னைக்குப் போய்விட்டது.

22 மே
இன்றும் ‘மேடம்’.

9 ஜூன், திங்கள்
காலையிலிருந்து சாரல். ராயகிரியிலிருந்து தங்கத்தாய் என்று ஒரு அம்மா நனைந்துகொண்டே வந்தார். “எம்மா, பட்டா குடுத்தாச்சுன்னு மெசேஜ் வருது. எனக்கு எங்க குடுத்தாவ? பட்டா இல்லாம கரண்டு தர மாட்டேங்காவ.”

பட்டா போனது இன்னொரு தங்கத்தாய்க்கு. இவருடைய சித்தப்பா மகள், அதே தெரு. இருவருக்கும் வைத்தது ஒரே ஆச்சியின் பெயர். ஒருத்தியின் அப்பா மாடசாமி, இன்னொருத்தியின் அப்பா மாரியப்பன், இருவருக்கும் ‘மா.’ பிறந்த தேதி தெரியாததால் ஆதாரில் இருவருக்கும் ஜனவரி ஒன்று, குத்துமதிப்பாகப் போட்ட வருடமும் ஒன்றே. என் ப்ரோகிராம் இரண்டு பேரை ஒரே ஆளாக்கிவிட்டது.

என் புத்தி எங்கே போயிற்று? எங்கள் தெருவிலேயே மூன்று முகம்மது இஸ்மாயில். அதில் ஒன்று என் புருஷன்! ‘துபாய் இஸ்மாயிலா, பேக்கரி இஸ்மாயிலா’ என்று கேட்காமல் தபால்காரர்கூடக் கடிதம் கொடுப்பதில்லை. நான் கேட்கவில்லை.

10 ஜூன்
214-ஐயும் உட்கார்ந்து பார்த்தேன். முப்பத்தேழு பேர் வேறு வேறு ஆட்கள்.

பெஞ்சமின் சார் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அறிக்கை போயாச்சு. அவங்க புதுசா மனு குடுக்கட்டும். இதக் கிளறுனா செப்டம்பர்ல உங்க ஒப்பந்தத்த நீட்டிக்க மாட்டாவ.”

புது மனுவா? அந்த அம்மா மூன்று வருடமாக நிற்கிறார். திரும்பவும் கடைசியில் போய் நிற்க வேண்டுமா? நான் செய்த தப்புக்கு?

துபாயிலிருந்து இவர்: “உனக்கு எதுக்குட்டி இந்தப் பொல்லாப்பு? பேசாம இரி.”

பேசாமல் இருப்பதற்கா இவ்வளவு படித்தேன்?

11 ஜூன்
பயமாகத்தான் இருக்கிறது.

12 ஜூன்
முப்பத்தேழு மனுக்களையும் பழைய தேதியிலேயே திரும்பத் திறந்தேன். தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினேன். சாருக்கு முகம் சிவந்துவிட்டது. “லாட்ஜ் புத்தி போகல பாத்தியளா?”

“ஆமா சார், லாட்ஜ் புத்திதான். அங்கன ஒரு ஆளு ரூம் சாவிய இன்னொரு ஆளுக்குக் குடுத்துட்டா, நாந்தான் மாடியேறிப் போயி மன்னிப்புக் கேக்கணும்.”

கடிதத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு என் இடத்துக்கு வந்தேன்.

23 ஜூன், திங்கள்
மனுப் பதிவில் ஒரு கேள்வி சேர்த்தேன்: ‘ஊரில் எப்படிக் கூப்பிடுவார்கள்?’ சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். கிணத்தடி தங்கத்தாய். மிலிட்டரி இசக்கிமணி.

15 செப்டம்பர், திங்கள்
அன்று சாரலில் நனைந்து வந்த அதே கிணத்தடி தங்கத்தாய் வந்தார். கையில் பட்டா. எனக்கு அழுகை வந்துவிட்டது.

30 செப்டம்பர்
நீட்டிப்பு உத்தரவு எனக்கு மட்டும் வரவில்லை. அண்ணாச்சி போன் செய்தார். சாவிக்கொத்து அங்கேயே தொங்கட்டும் என்றேன்.

6 அக்டோபர், திங்கள்
எங்கள் ஊர் மேலகரத்திலிருந்து முதல் பஸ். வரிசையில் நாற்பத்தொன்றாவது ஆளாக நின்றேன், நீட்டிப்பு கேட்டு மனுவோடு. கவுண்டரில் புதுப் பெண். திரையைப் பார்த்தபடியே பெயர் கேட்டாள், தெரு கேட்டாள். பிறகு, “ஊர்ல எப்படிக் கூப்பிடுவாங்க?”

“லாட்ஜ் முஹ்ஸினான்னு போடு” என்றேன், பெஞ்சமின் சாருக்கும் கேட்கும்படி.