மழையில்லா ஊரில் குடை

அன்பின் ஜெயந்தா,

நீரும் பிள்ளையும் சுகம்தானே? அம்மாவின் முழங்கால் நோ குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

நேற்று இந்தக் கத்தார் வெயிலில் குடையோடு வேலைக்குப் போனேன். தொலைபேசி "இன்று மழை" என்றது. பிறகுதான் பார்த்தேன், அது எங்கட நெடுந்தீவு வானிலை. வந்த நாள் முதல் நான் அதை மாற்றவேயில்லை.

"உனக்கென்ன விசரே?" என்றார் என் அறையில் இருக்கும் சில்வெஸ்ரர் அண்ணை.

"ஓம் அண்ணை" என்றேன்.

மழையால் குறிகட்டுவான் துறைப் படகும் ஓடவில்லையாம், செய்தியில் பார்த்தேன். குசினிக் கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றாமல் வந்ததுதான் மனதை அரிக்கிறது. ஒழுகும் இடத்தில் வாளியை வையும். அரிசி மூட்டையைத் தள்ளி வையும்.

அண்ணை ஊருக்கு வெளிக்கிட்டு வாசலில் நிற்கிறார். இதை அவரிடம் கொடுத்துவிடுகிறேன். அங்கே மழை விட்டதும் சொல்லும். நான் குடையை மடக்கவேண்டும்.

உம்முடைய
ஷாருஜன்