‘டேஞ்சர்’ பலகை

மார்ச் 4, செவ்வாய்

மெஷினின் கம்பித் தடுப்பு கழன்று இன்றோடு பதினோரு நாள். ஆஸ்பத்திரிப் போர்வைகளை இரண்டு சூடான உருளைகளுக்கு நடுவே கொடுத்துத்தான் தேய்க்கிறோம். தடுப்பு இல்லையென்றால் போர்வையோடு கையும் போகும். மேனேஜரிடம் ஏழாவது தடவையாகச் சொன்னேன். “ஏற்பாடு பண்றேம்மா.”

பண்ணிவிட்டார் மகராசன். மத்தியானமே ஒரு சிவப்புப் பலகை வந்தது. டேஞ்சர் என்று கொட்டை எழுத்து. கீழே ஒரு மண்டை ஓடு, மேனேஜருக்கு அண்ணன் மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு.

மார்ச் 5

இன்று வகுப்பு வேறு. எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, “டேஞ்சர்னா என்னன்னு தெரியுமா?” என்கிறார். ஒன்பது வருஷமாக இந்த மெஷின்கள் முன்னால் வேகிறவளிடம்!

“ஆபத்து சார். கை போயிடும்.”

“வெரி குட்.”

மிட்டாய் கொடுக்காததுதான் பாக்கி.

அப்புறம் ஒரு தாள். ‘டேஞ்சர் என்பதன் பொருள் எனக்குப் புரிந்தது’ என்று எல்லோரும் கையெழுத்துப் போடணுமாம். என்னோடு இங்கே வேலை பார்க்கிற என் அண்ணி தயங்கினார். “எதுக்குடி இதெல்லாம்?”

“போட்டுத் தொலைங்க அண்ணி. இந்தாளு மூஞ்சிய எவ்வளவு நேரம் பாக்குறது?” நான்தான் பேனாவைக் கொடுத்தேன்.

மார்ச் 9

கழிவறையிலும் ஒரு பலகை. தரை வழுக்குகிறதாம். பாசியைத் தேய்க்க ஆளில்லை, பலகை மாட்ட ஆளிருக்கிறது. மேனேஜர் தன் நெற்றியிலேயே ஒன்று ஒட்டிக்கொள்ளலாம். அது ஒன்றாவது உண்மையாக இருக்கும்.

மார்ச் 13

தடுப்பில்லாத அந்த மெஷினுக்குள் அண்ணியின் வலது கை போய்விட்டது. நான் அடுத்த மெஷினில்தான் நின்றேன். அவங்க கத்தினது இன்னும் காதுல இருக்கு.

மார்ச் 14

மூணு விரல் எடுத்துட்டாங்க. அண்ணன் என்கிட்ட பேசல. இந்த வேலைக்கு அண்ணிய கூட்டிட்டு வந்தவளே நான்தானே.

மார்ச் 17

மேனேஜர் அந்தத் தாளை மேஜையில் விரித்தார். “புரிஞ்சுதுன்னு அவங்களே கையெழுத்துப் போட்டிருக்காங்க. கம்பெனி என்னம்மா பண்ணும்?”

ஆபத்து என்று அர்த்தம் சொன்னேனே, எவ்வளவு பெரிய முட்டாள் நான்! இந்த ஆபீசில் அந்த வார்த்தைக்கு ‘பின்னால் எங்களைக் கேட்காதே’ என்று அர்த்தம்.

மார்ச் 19

நாளை ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வருகிறாராம். அதனால் இன்று தடுப்பை மாட்டினார்கள். ஒரே மெக்கானிக், நாலு போல்ட். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இருபது நிமிஷம்.

பலகையைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். இனி தேவையில்லையாம்.

நான் ஏழு தடவை சொன்ன தேதிகளும் இந்த நோட்டில் இருக்கின்றன. நாளை இதை இன்ஸ்பெக்டரிடம் கொடுக்கப்போகிறேன். இன்று முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். பேனாவைக் கொடுத்தது நான்தான் என்ற வரியை அடிக்கவில்லை.