பக்கம் 87, வரி 9

12.7.61 புதன்
விடாத மழை. ஸ்கூல் போகல. (இருமல். பாதி நிஜம்.) அம்மா மறந்துட்டுப் போன கம்பளியைக் கொடுக்க, காலையில பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஓடினேன். நல்லவேளை.

எங்க லயத்து வீடுங்களுக்கு வர்ற தபாலெல்லாம் பெரட்டுல பெரிய கிளாக்கர் கையாலதான் கிடைக்கும். இன்னிக்கு அம்மா பேருக்குப் பார்சல். பிரிச்சே பார்த்துட்டார். பல்கலைக்கழக அச்சகம் போட்ட புத்தகம், தேயிலைத் தோட்டத்துப் பெண்களைப் பத்தி. ரெண்டு வருஷம் முன்ன ஒரு விரிவுரையாளர் எங்க ஒத்தை அறைக் காம்பராவுல உட்கார்ந்து, அம்மா சொன்னதை நாலு நாள் எழுதிட்டுப் போனாரே, அது.

கிளாக்கர்: "நான் படிச்சிட்டுத் தர்றேன்."
அம்மா: "எம் பேருக்கு வந்தது எங்கிட்ட வரட்டுங்க."
"நீ படிக்கப் போறியாக்கும்?"
"எம் மக படிப்பா. நான் கேப்பேன்."

கூடையைக் கீழ வெச்சுட்டு நின்னாங்க. பின்னால இருந்த பொம்பளைங்களும் வெச்சாங்க. ஒருத்தியும் மலை ஏறல. மலையில வேலை வாங்குற கண்டாக்கு கடிகாரத்தைப் பார்த்தார். கிளாக்கர் கண்டாக்கைப் பார்த்தார். புத்தகம் வந்துருச்சு.

16.7 ஞாயிறு
வாசிப்பு. நல்ல தாள், நல்ல வாசனை. 86 பக்கம் வரைக்கும் அம்மா "ம்" கொட்டினாங்க. பக்கம் 87, வரி 9: "நிறுவையில் நேரும் குறைகளை இப்பெண்கள் அமைதியாக ஏற்றுக்கொள்கின்றனர்."

"யாரு? திருப்பிப் படி."
படிச்சேன்.
"நானா அமைதி?"

மடுவத்துல கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை எடை குறைச்சுச் சொன்ன அன்னிக்கு, அம்மா கூடையை அவர் மேசையிலயே கவிழ்த்து "மறுபடி நிறுங்க"ன்னது மலைக்கே தெரியும். விரிவுரையாளர்கிட்ட அதைச் சொன்னப்ப நானும் இருந்தேன். விரிவாத்தான் கேட்டாரு. எழுதும்போது சுருக்கிப்புட்டாரு.

உள்ளே ஒரு குட்டித் தாள்: பிழைதிருத்தம். பக்கம், வரி, பிழை, திருத்தம். தப்பா அச்சடிச்சா அவங்களே ஒத்துக்கிற சீட்டுன்னு அம்மாவுக்குச் சொன்னேன்.
"அப்ப இதையும் அதுல போடச் சொல்லு. எழுது புள்ள."
அப்பா: "வம்பு வேணாம். தோட்டத்துல பேர் வெட்டிருவாங்க."
அம்மா மைக்கூட்டை எடுத்து என் முன்னால வெச்சாங்க.

31.7 திங்கள்
வெயில். அச்சகத்துப் பதில், டைப் அடிச்சது. "பிழைதிருத்தம் அச்சுப் பிழைகளுக்கு மட்டுமே. ஆசிரியரின் கருத்தில் தலையிட இயலாது." கூடவே விலைப்பட்டியல். அதன் பின்பக்கம், புத்தகம் கிடைக்குமிடங்கள்: அட்டன்ல ஒரு கடை, கொட்டகலையில ஒரு பள்ளி நூலகம். விலாசத்தோட! நான் கேக்கல, அவங்களாக் கொடுத்தது.

பக்கத்துக் காம்பரா காமாட்சியும் நானும் 70 சீட்டு எழுதினோம். அந்தப் பிழைதிருத்தத் தாளோட அதே அளவு, அதே கோடு.
பக்கம் 87, வரி 9.
பிழை: அமைதியாக ஏற்றுக்கொள்கின்றனர்.
திருத்தம்: கூடையைக் கவிழ்த்துக் கேட்கின்றனர்.

5.8 சனி
அட்டன். கடையில மூணு பிரதி. ரெண்டுல சீட்டை வெச்சாச்சு. மூணாவதுல முதலாளி பிடிச்சிட்டார்.
"என்ன, படிக்கிறியா, வாங்குறியா?"
"திருத்துறேங்க."
காமாட்சி அதுக்குள்ள வாசல்ல. (துரோகி.) முதலாளி சீட்டை வாங்கி ரெண்டு தரம் படிச்சார்.
"யாரு கூடை?"
"எங்க அம்மா கூடைங்க."
கண்ணாடியைத் துடைச்சார். மூணாவது பிரதியில அவரே வெச்சார்.

8.8 செவ்வாய்
நேத்து கொட்டகலை நூலகமும் முடிஞ்சது. ரெண்டு பிரதி.

காலையில பெரட்டுல கிளாக்கர்: "அட்டன் வரைக்கும் போய் நாறடிச்சிட்டீங்களாமே?"
அம்மா: "அடுத்த சீட்டுல நீங்க பார்சல் பிரிச்சதையும் போடப் போறோங்க."

அச்சகத்துக்குக் கடிதம் எழுதியாச்சு:
"ஐயா, அட்டனில் மூன்று, கொட்டகலையில் இரண்டு, எங்கள் பிரதி ஒன்று திருத்தியாயிற்று. உங்கள் கிடங்கில் இருப்பவற்றுக்கு 64 சீட்டுகள் இத்துடன். போதாவிட்டால் எழுதவும்."
கீழே அம்மா கையெழுத்து. ரெண்டு வரியை அடைச்சு, பெரிசா.

பசையும் அனுப்பணுமான்னு காமாட்சி கேக்குறா. பசை அவங்க போட்டுக்கட்டும்.