துரை பங்களாவுக்கு வெள்ளையடித்த கதை

செஞ்சி
9.8.1967

அன்புள்ள அத்தானுக்கு,

நீலாவதி எழுதிக்கொண்டது. இங்கே உங்கள் பங்களா சௌக்கியம், நானும் சௌக்கியம். அந்த வரிசையில்தானே கேட்பீர்கள்!

நேற்று மழை விட்டதும் ராஜகிரி மலை மேகத்துக்குள் போய்விட்டது. மாடி வட்ட அறையில் நின்றிருந்தேன். ஜன்னல் கண்ணாடியின் சிவப்பும் நீலமும் தரையில் விழுந்து, கால் வைக்கவே மனம் வரவில்லை. வீடே தண்ணீருக்குள் இருப்பது போலிருந்தது. எதிரே நிஜக் கோட்டை இருக்க, அந்த வெள்ளைக்கார எஞ்சினீயர் தன் ஊர் நினைப்பில் இங்கே ஒரு பொய்க்கோட்டை கட்டினானே, அவன் மனைவியும் இப்படித் தனியாக நின்றிருப்பாளோ? அம்பு விடுவதற்கென்று சுவரில் சந்து வைத்திருக்கிறான். நான் அதன் வழியே தபால்காரரைப் பார்க்கிறேன்.

மாமா காலமான பிறகு, உங்கள் தாத்தா வாங்கிப்போட்ட இத்தனை பெரிய வீட்டில் நான் ஒருத்திதான். பூட்டிவிட்டு வந்தால் தேக்குக் கதவைப் பெயர்த்துக்கொண்டு போவார்கள் என்கிறீர்கள். சர்க்கார் இதைப் புராதனச் சின்னமென்று பாதுகாப்பில் எடுத்தால் காவலுக்கு ஆள் போடுவார்கள், அன்றைக்கே சென்னைக்கு அழைத்துப்போவேன் என்றீர்கள். அந்த மனு என்னவாயிற்று? கல்யாணமாகி நாலு வருஷம், நாம் சேர்ந்து இருந்ததெல்லாம் பொங்கலும் தீபாவளியும்தான். எனக்கு உங்களோடு இருக்க வேண்டும், அத்தான்.

இப்படிக்கு,
நீலாவதி

சென்னை
16.8.1967

அன்புள்ள நீலாவதிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, ஆபீஸில் வரையவேண்டிய சினிமா கொட்டகை வரைபடத்தை ஒதுக்கிவைத்து, நம் வட்ட அறையை வரைந்துகொண்டிருந்தேன். மேலதிகாரி பார்த்துவிட்டார். பரவாயில்லை.

நூறு வருஷம் ஆகவில்லை என்று மனுவை முன்பு திருப்பிவிட்டார்கள். வாசல் கல்லில் 1867 என்று வெட்டியிருப்பதைப் போட்டோ எடுத்து இப்போது அனுப்பியிருக்கிறேன். படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும் முகட்டுச் சுவர், மூலைக்கு மூலை கூம்புக் கோபுரம், கொத்திய கருங்கல் முகப்பு, எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை 25ஆம் தேதி அதிகாரி நேரில் வருகிறார். பெரிய மனிதர். வீடு பளிச்சென்று இருக்கட்டும். அவர் சரியென்றால் உன்னை அழைத்துவர வேண்டியதுதான்.

அன்புடன்,
அரங்கநாதன்

செஞ்சி
26.8.1967

அன்புள்ள அத்தானுக்கு,

எப்படிச் சொல்வேன்! பளிச்சென்று இருக்கட்டும் என்றீர்களே, வெள்ளையடித்துவிட்டேன். கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் அடிக்கிறோம், இவ்வளவு பெரிய மனிதர் வரும்போது அடிக்காமல் இருப்போமா? தங்கராசுவை வைத்து முகப்பு முழுக்க இரண்டு பூச்சு. வாசல் கல்லையும் விடவில்லை. அடியில் காவிப்பட்டை வேறு.

ஜீப்பை விட்டு இறங்கினவர் அப்படியே நின்றுவிட்டார். "ஏம்மா, கல்லு எங்கம்மா?" என்றார்.

"உள்ளதான் சார் இருக்குது" என்றேன்.

வேலைக்கு வரும் செல்லம்மாள் சும்மா இருக்கிறாளா? "இன்னா சார், காவி நல்லா இல்லியா?" என்று கேட்டுவிட்டாள்.

ஒரு மாதத்துக்குள் பழைய கல் தெரிந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் மனு தள்ளுபடி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காபிகூடக் குடிக்கவில்லை. நான் உட்கார்ந்து அழுதேன். பிறகு செல்லம்மாளும் நானும் புளித்தண்ணீரும் தேங்காய் நாருமாகத் தேய்க்க ஆரம்பித்தோம். சுண்ணாம்பில் கை வெந்துபோயிருக்கிறது. லீவு போட்டு வாருங்களேன்.

நீலாவதி

சென்னை
30.8.1967

நீலாவதிக்கு,

என்ன காரியம் செய்தாய்! உளி பட்ட அந்தக் கல்லுக்கா சுண்ணாம்பு? இரும்பு பிரஷ் மட்டும் போட்டுவிடாதே, கீறல் விழும். வாசல் எழுத்தின் ஓரம் உதிர்ந்திருக்கிறதா என்று உடனே எழுது. எனக்கு லீவு கிடைக்காது.

அரங்கநாதன்

சென்னை
18.10.1967

அன்புள்ள நீலாவதிக்கு,

உத்தரவு வந்துவிட்டது! கல் பழைய நிறத்துக்கு வந்திருப்பதாக அதிகாரியே எழுதியிருக்கிறார். ராத்திரி முழுக்கத் தூங்காமல் கூம்புகளையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். காவலாள் ஊருக்குப் புதியவராம். கண்ணாடி ஜன்னலெல்லாம் அவருக்கு என்ன தெரியும்? இன்னும் ஒரு வருஷம் நீ கூட இருந்தால் எனக்கு நிம்மதி.

அன்புடன்,
அரங்கநாதன்

செஞ்சி
24.10.1967

அத்தானுக்கு,

பச்சைமுத்து என்ற காவலாள் வந்துவிட்டார். பலகையும் நட்டாயிற்று. இந்தக் கட்டடத்துக்குச் சேதம் விளைவித்தால் தண்டனை என்று எழுதியிருக்கிறது.

நான் தேய்த்த நாளெல்லாம் கல்லை விசாரித்துக் கடிதம் போட்டீர்கள். என்னை விசாரித்து ஒரு வரி இல்லை. இன்னும் ஒரு வருஷம் என்றதும் கோபம்கூட வரவில்லை, சலித்துப்போய்விட்டது. சாவியைப் பச்சைமுத்துவிடம் கொடுத்துவிட்டேன். அனந்தபுரத்துக்கு, பிறந்த வீட்டுக்கே, நைனாவிடம் போகிறேன். பங்களா பத்திரமாக இருக்கிறது.

நீலாவதி

செஞ்சி பஸ் ஸ்டாண்டு
5.11.1967

நீலா,

விடியும்போது வந்து இறங்கினேன். ஒரே பனி. பங்களாவில் கூம்புகள் மட்டும் தெரிந்தன, கீழே வீடே இல்லாத மாதிரி. நான் எத்தனையோ முறை வரைந்தும் அந்த அழகு வந்ததில்லை.

கேட்டில் கை வைத்தேன். காவலாள் ஓடி வந்தார்.

"யாரு சார் நீங்க? உத்தரவு இல்லாம உள்ள போவக்கூடாது."

"என் வீடுப்பா."

"வூட்டுக்காரம்மா போயி பத்து நாளுக்கு மேல ஆச்சே, சார்."

உத்தரவுக் காகிதம் என் பையிலேயே இருந்தது. எடுத்துக் காட்டத் தோன்றவில்லை. பனி விலகும்வரை ரோட்டிலேயே நின்றேன். ஒரு கல்லுக்கும் குறைவில்லை. உள்ளே போய் நான் பார்க்க வேண்டியது எதுவும் இல்லை, நீலா.

சைதாப்பேட்டையில் இரண்டு அறை வீடு பேசி முன்பணம் கொடுத்திருக்கிறேன். சாதாரண ஓட்டு வீடு. இந்தக் கடிதத்தை அனந்தபுரம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். அடுத்த பஸ்ஸில் நானே வருகிறேன். உங்கள் வீட்டு வாசலில் நிற்பேன். நீ கூப்பிட்டால்தான் உள்ளே வருவேன்.

அரங்கநாதன்