களிமண் வைத்து அடைத்த காயம்

மாப்ளே,

இன்று காலை மகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். காலில் கருவேல முள். பஞ்சில் ஊற்றிய ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியதும் நீதான் நினைவுக்கு வந்தாய். காயத்தைக் கழுவி, டி.டி. ஊசியும் போட்டுவிட்டார்கள். சிறு வயதில் போட வேண்டிய ஊசியெல்லாம் போட்டிருக்கிறாள், பயமில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனாலும் வீட்டுக்கு வந்ததிலிருந்து "வாயத் திற, இன்னும் நல்லாத் திற" என்று அவளை நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். "எப்பா, முள்ளு குத்துனது கால்லப்பா" என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்?

நமக்கு மட்டும் அப்போது என்ன தெரியும்? தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த நமக்கு நெருப்பு ஒன்றுக்குத்தான் பயப்படத் தெரியும். உராய்ந்து பொறி வந்துவிடக் கூடாதென்று செருப்பைக் கம்பெனி கேட்டிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே நடப்போம். அப்படி நடக்கும்போதுதான் உன் குதிகாலில் முள் ஏறியது. பிடுங்கி எறிந்துவிட்டு, புஸ்வாணத்தின் அடிப்பக்கம் அடைக்க வைத்திருந்த ஈரக் களிமண்ணில் ஒரு கிள்ளு எடுத்து ஓட்டையில் அப்பினாய். "அடைச்சாச்சுலே, இனி பொறி உள்ள போகாது" என்றாய். அறையே சிரித்தது.

"ஊசி ஒண்ணு போட்டுட்டு வாயேம்லே" என்றேன்.

"துரு ஆணியா குத்துச்சு? முள்ளுக்கெல்லாம் ஊசி போடப் போனா, சீசன யாரு பாக்குறது?"

காயம் ஆறியதுபோல்தான் இருந்தது. அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டின்போது உன்னால் வாயைத் திறக்க முடியவில்லை. பல்வலி என்று கிராம்பை அதக்கிக்கொண்டாய். மறுநாள் கழுத்து விறைத்து, வயிறு பலகையாக இறுகிய பிறகுதான் விருதுநகருக்கு வண்டி பிடித்தோம்.

ரணஜன்னி, அதாவது டெட்டனஸ் என்றார் டாக்டர். மண்ணிலேயே இருக்கிற கிருமியாம். காற்றுப் புகாத ஆழக் காயம்தான் அதற்குத் தோதாம். நாம் மண்ணையும் வைத்து வாசலையும் அடைத்திருக்கிறோம் மாப்ளே! காயத்தைக் கீறிச் சுத்தம் செய்தார்கள். கிருமியைக் கொல்ல மருந்து ஏற்றினார்கள், விஷமுறிவு ஊசி போட்டார்கள். "இனி பிழைச்சுக்கிடுவான்ல சார்?" என்று கேட்டேன்.

"நரம்புல ஏறுன விஷத்த இந்த ஊசி இறக்காது. இன்னும் ஏறாததத்தான் தடுக்கும். ஏறுனது தானா விடுற வரைக்கும் நாம மூச்சக் காப்பாத்தணும். அதுக்கு நாளாகும்."

உன்னை இருட்டறையில் படுக்க வைத்தார்கள். சத்தமோ வெளிச்சமோ பட்டால் இழுப்பு வரும். கையை நீட்டிய என்னை நர்ஸ் தடுத்தார். "அண்ணே, தொட்டுறாதீக. தொட்டாலும் இழுக்கும்." அந்த நேரம் பார்த்துத் தெருவில் கல்யாண ஊர்வலம். சரவெடி. நம் ஊரில் சுற்றிய சரமாகவே இருக்கலாம். உன் உடம்பு வில்லாக வளைந்தது. உனக்கு நினைவு மட்டும் தப்பவில்லை. கண் என்னையே பார்த்தது. இதைவிடக் கொடுமையை நான் பார்த்ததில்லை. தொண்டையில் குழாய் வைத்தார்கள், தசை தளர மருந்து கொடுத்தார்கள். சத்தமாக இருமக்கூடப் பயந்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் உன் நெஞ்சு தாங்கவில்லை.

நம் பக்கம் வெடி இல்லாமல் எந்தப் பாடையும் கிளம்பாது. உனக்காகக் கம்பெனி ஆட்கள் இருப்பதிலேயே பெரிய சரமாகக் கொண்டுவந்து தெருவில் விரித்தார்கள். ஒருவர் திரியில் நெருப்பு வைக்கக் குனிந்தார். நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

"வெடிக்காதீக! அவனுக்குச் சத்தம் ஆகாது!"

சரத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டார்கள். சத்தமில்லாமல்தான் உன்னைத் தூக்கிப்போனோம்.

இப்போதும் எங்காவது வெடி வெடித்தால் உன்னைப் பிடித்துக்கொள்ள என் கை தானாக நீள்கிறது. தொடக் கூடாதே என்று பாதியில் நின்றுவிடுகிறது.