சத்யப்பிரியாவின் கை வேகம்

ஆகஸ்ட் 4, திங்கள்
ஃபேக்டரியில் மூன்றாவது லைன் கம்ப்யூட்டர் இன்றும் இரண்டு முறை நீலத் திரையைக் காட்டிப் படுத்துவிட்டது. கெர்னல் கிராஷ் — கம்ப்யூட்டரின் அடிப்படை மென்பொருளே விழுந்துவிட்டது. சூப்பர்வைசர் கோதண்டம் வந்து, "இன்னா சார், உங்க மிஷினு மயக்கம் போட்டுக்கினே கீது?" என்றார். பெரிய மேதை போல முகத்தை வைத்துக்கொண்டு கரண்ட்டைக் குறை சொன்னேன். ஸ்கேனரை இயக்கும் மென்பொருளை, அதாவது டிவைஸ் டிரைவரை, எழுதியவன் நான். அதில் தப்பு இருக்குமா? சேச்சே!

ஆகஸ்ட் 6, புதன்
கண்டுபிடித்துவிட்டேன்! கிராஷ் எல்லாமே ஸ்கேன் பண்ணும் ஆபரேட்டர் சத்யப்பிரியா ஷிப்டில்தான். மற்ற பெண்கள் உட்கார்ந்தால் ஒன்றும் ஆவதில்லை. 'ஆபரேட்டர் கையாளும் முறை சரியில்லை' என்று அறிக்கை அனுப்பினேன். ஒரே வரி. அதற்கு ஒரு மணி நேரம் யோசித்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி
அவளைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். மாதக் கடைசியில் காண்ட்ராக்ட் முடிகிறது, நீட்டிக்க மாட்டார்களாம். கம்பெனி பஸ் பக்கத்தில் நின்று கேட்டாள்: "நான் இன்னா சார் தப்பு பண்ணேன்? சொன்னா திருத்திக்குவேன்ல?"
போன் வந்தது போல நடித்தேன். கேவலம்.

ஆகஸ்ட் 11, திங்கள்
கிராஷே இல்லை. கோதண்டம் கை கொடுத்தார். கேண்டீனில் இரண்டு வடை கூடுதலாகத் தின்றேன்.

ஆகஸ்ட் 13, புதன்
கம்ப்யூட்டர் விழும்போது மெமரியில் இருந்ததை ஒரு ஃபைலில் எழுதி வைத்திருக்கும். அதை இன்றுதான் திறந்தேன். திறக்காமலேயே அறிக்கை எழுதிய புண்ணியவான்!

ஒரு சர்க்யூட் போர்டின் எண்ணைப் படித்து முடிக்கும் முன் அடுத்ததை ஸ்கேன் செய்தால், முதல் எண்ணுக்காக வாங்கிய மெமரி இடத்தை என் டிரைவர் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பிறகு அங்கேயே போய் எழுதுகிறது. அதற்குள் அந்த இடம் வேறொரு வேலைக்குப் போயிருக்கும். கெர்னல் விழாமல் என்ன செய்யும்?

மற்றவர்கள் எண்ணைப் படித்து முடித்ததும் எரியும் பச்சை விளக்குக்குக் காத்திருப்பார்கள். சத்யப்பிரியா காத்திருக்க மாட்டாள் — வலது கை ஒரு போர்டை எடுத்து வைக்கும்போதே இடது கை அடுத்ததை ஸ்கேன் பண்ணிவிடும். லைனிலேயே வேகமான கை அவளுடையது. நான் சோதித்தபோது? டீ குடித்துக்கொண்டே, ஒவ்வொரு போர்டாக... அய்யோ, இன்னா வேலை பண்ணி வெச்சிருக்கேன்! வேலை நல்லா செஞ்சதுக்கா அந்தப் பொண்ணு வேலை போவணும்?

ஆகஸ்ட் 14, வியாழன்
எல்லோருக்கும் மெயில் போட்டேன். 'பிழை என்னுடையது. ஆபரேட்டர் மீது தவறில்லை.' மேனேஜர் கூப்பிட்டு, "சத்தமில்லாம திருத்தியிருக்கலாமே?" என்றார். ஆசையாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்
திருத்திய டிரைவரைப் போட்டாயிற்று. கேண்டீனில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை, கோதண்டத்தைத் தவிர. அவரும் சிரிக்கத்தான் வந்தார்.

ஆகஸ்ட் 25, திங்கள்
சத்யப்பிரியா மறுபடி மூன்றாவது லைனில். காண்ட்ராக்ட் ஒரு வருஷம் நீட்டியிருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் மெயில் போட்டேனே, அவளிடம் ஒரு வார்த்தை சொன்னேனா? சொல்லலாம் என்று பக்கத்தில் போய் நின்றேன். ஒரு போர்டு. பச்சை விளக்கு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அடுத்த போர்டு.

"இனிமே வேகமா பண்ணலாம்மா, ஒண்ணும் ஆவாது" என்றேன்.

"வேணாம் சார்," என்றாள், திரும்பாமலே. "நீங்க மறுபடி ரிப்போர்ட் எழுதிடுவீங்க."